காவலற்ற இளையோரும் நமது அணுவிரதமும்



கொல்லாமை அணுவிரதம் பூண்டோர் விலக்க வேண்டிய அதிசாரங்கள் ஐந்து என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றை ஆடு மாடுகளைப் பற்றியவை என்றே கருதி விடுகிறோம். பதின்பருவப் பிள்ளைகள் சிலருக்கும் இவை நேர்கின்றன. அவர்கள் யார்?

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறைப்படி வலையிடும் இடங்களைப் பகிர்ந்து கொள்வர். பாட்டுரிமை உடையவருக்கு ஊர் துணை நிற்கும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அவ்வுரிமை இல்லை. 1976ஆம் ஆண்டிலேயே சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. எனினும் அதன் பின்னரும் முன்பணம் பெற்ற இருளர் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் சிக்குண்டு மீட்கப்பட்டதுண்டு. பெற்றோர் கட்டுண்ட இடத்தில் பிள்ளை யாரிடம் முறையிடுவான்? கொடியவன் கை, கேட்பாரற்றவன் மீதே முதலில் ஓங்குகிறது.

வறுமை ஒன்றே காரணமன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 17 வயதுப் பட்டியலின மாணவன், உடன் பயின்றவர்களால் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். தடுத்த தங்கையும் காயமுற்றாள். தனக்கு நேர்ந்த கொடுமையை அவன் பள்ளியில் தெரிவித்த பின்னரே இது நிகழ்ந்தது. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைத் தடை செய்யுமாறு 2024இல் பரிந்துரைத்தது. நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகை மதங்களுள் குலமதமும் சாதிமதமும் உள்ளன என்று நம் ஆசாரியர்கள் அன்றே எச்சரித்தனர். அம்மதமே இங்கு அரிவாளாயிற்று.

‘எல்லாம் அவன் முன்வினை’ என்று கூறி அகல்வோர் நம்மிடையேயும் உளர். பிறன் வினையை அளக்கும் அறிவு நமக்கில்லை. அவன் துன்பத்திற்கு நிமித்தமானவன் புதுவினை கட்டிக்கொள்கிறான். கண்டும் இரங்காத நெஞ்சமும் பாவ இம்சையே.

ஆகவே நம் வயலிலும் கடையிலும் வீட்டிலும் பள்ளி செல்ல வேண்டிய பிள்ளை எவனேனும் சுமை சுமக்கின்றானா என்று இன்றே பார்ப்போம். சாதிப் பெருமை பேசும் சொல்லை நம் பிள்ளைகளின் செவியில் விழவிடாதிருப்போம். வாடிய முகத்துடன் வரும் பிள்ளை சொல்வதைக் கடிந்து அடக்காமல் முழுதும் கேட்போம். அண்டை வீட்டுப் பிள்ளைக்குத் தீங்கெனில் 1098 என்ற எண்ணில் தெரிவிப்போம்.

நீரை வடிகட்டி நுண்ணுயிரைக் காக்கும் கைகள், எதிரே நிற்கும் இளையவனையும் காக்கட்டும்.

அறம் வளர்க!