சாமையை யார் இடிப்பது?

சென்னையில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுதானிய உணவகம் இருக்கிறது. சாமை பிரியாணி, தினைப் பொங்கல், வரகுத் தயிர்சோறு. சுவரில் உலக்கை பிடித்த ஒரு பெண்ணின் கோட்டோவியம். மூன்று வருடங்களாக அங்கே சாப்பிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு நண்பர்களிடம் ஒரு வசனமும் சொல்வேன்: "ரேஷன் அரிசி வந்துதான் நம்ம பழைய சாப்பாட்டை எல்லாம் அழிச்சிடுச்சு." யாரும் மறுத்ததில்லை. எல்லோரும் என்னைப் போலவே மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர்கள்.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். ஆனாலும் மலைக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. எங்களுக்குக் காலையில் இட்லி, ராத்திரி கடை புரோட்டா, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. வெயில் காலத்தில் தள்ளுவண்டியில் கம்பங்கூழும் மோர்மிளகாயும். கூழ் எங்களுக்குச் சாப்பாடு இல்லை, சூட்டுக்கு மருந்து.

போன வருடம் ஊருக்குப் போனபோது நண்பன் ஒருவனோடு மலை ஏறினேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதைத் தாண்டி வளைந்து வளைந்து வெள்ளிமலை. அவனுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. மலையாளிப் பழங்குடிக் குடும்பம். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், பேசுவது தமிழ். தட்டில் வெள்ளைச் சோறு விழுந்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும். "சாமைச் சோறு இல்லையா பெரியம்மா?" என்று கேட்டேவிட்டேன்.

"ரேஷன் அரிசிதான் தம்பி. சாமை ரெண்டு படி கெடக்கு. யாரு இடிக்கிறது? நீ இடிச்சுக் குடு, நான் ஆக்கிப் போடறேன்."

கேலியாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் எழுந்து உரலுக்குப் போனேன். அரைமணி நேரத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. புடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உமியோடு அப்படியே கிடந்தது. மறுபடி இடிக்க வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். அவர் வயதுக்கு வந்த நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து செய்த வேலை இது. அதற்குப் பிறகுதான் காட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

தானியங்களில் ஒரு வித்தியாசம் உண்டு. கேழ்வரகைக் கதிரடித்துத் தூற்றினால் போதும், நேராக மாவாக்கலாம். சாமை, தினை, வரகு அப்படி இல்லை. கடுகளவு மணியை உமி இறுகப் பிடித்திருக்கும். உமியோடு இருக்கும்வரை வருடக்கணக்கில் கெடாது. உமி போய்விட்டால் சீக்கிரமே காறல் வாடை வரும். அதனால் மொத்தமாக இடித்து வைக்கவும் வழியில்லை. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு இடிக்க வேண்டும், அதாவது வீட்டுப் பெண்கள் இடிக்க வேண்டும். 2023-ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகச் சிறுதானியம் கொடுக்க ஆரம்பித்தபோது அரசு கொடுத்ததும் கேழ்வரகுதான்.

2008-ல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011-லிருந்து இலவசம். நான் அதைப் பண்பாட்டு அழிவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவைப் பொறுத்தவரை அது தினமும் திரும்பக் கிடைத்த ஒரு விடியற்காலை. எங்கள் தொழிலில் பழைய மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அது நின்றுபோனால் எழுந்திருப்பது யார் என்ற கேள்வி வரும்போது கூட்டம் கலைந்துவிடும். மரபைப் பற்றி நான் பேசியதும் அப்படித்தான். காக்க வேண்டும் என்பது என் ஆசை, காப்பது அவருடைய வேலை.

அப்படியென்றால் எதுவுமே இழப்பில்லையா? அதையும் சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. அந்த வீட்டுக்குக் கீழே இருந்த காடு முழுக்க மரவள்ளி. முன்பு சாமையோடு துவரையும் அவரையும் கலந்து விதைத்த நிலம் என்றார் வீட்டுக்காரர். இப்போது கிழங்கு லாரியில் ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே அது ஜவ்வரிசி ஆகிறது. அந்த ஜவ்வரிசியில் பெரும்பகுதியை வாங்குவது வடமாநிலங்கள். மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் நவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் விரதம் இருப்பவர்கள் தானியத்தை விலக்கிவிட்டு ஜவ்வரிசிக் கிச்சடி சாப்பிடுகிறார்கள். தன் தட்டுக்கு விளைந்த நிலத்தில் இன்று எங்கோ இருக்கும் யாரோ ஒருவரின் விரதத்துக்கு விளைகிறது.

"கெழங்கு போட்டா காசு வருதுப்பா. சாமைய வச்சுக்கிட்டு பொண்ணைக் காலேஜுக்கு அனுப்ப முடியுமா?" என்றார் அவர். நான் பதில் சொல்லவில்லை. என் அப்பாவும் இதே கணக்கைப் போட்டுத்தான் என்னை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கிழங்கு விலை இறங்கினாலோ, மாவுப்பூச்சி விழுந்தாலோ, அவர் கையில் காசும் இருக்காது, குதிரில் தானியமும் இருக்காது. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்பும்; துவரைக்கும் அவரைக்கும் கடைக்குப் போக வேண்டும். பழைய காட்டில் இவையெல்லாம் ஒரே மழைக்கு விளைந்தன. இழந்தது ருசி மட்டும் அல்ல, விலை விழும் வருடத்தில் பிடித்துக்கொள்ள இருந்த ஒரு கிளை.

அதற்காகப் பழைய காலத்தைச் சொர்க்கம் ஆக்கவும் மனம் வரவில்லை. 1976-ல்தான் அந்த மலையில் ஜாகிர் முறை ஒழிந்தது. அதுவரை உழைப்பும் விளைச்சலும் முழுக்க அவர்களுடையதாக இருந்ததில்லை. வேறு வழியில்லாமல் சாப்பிட்டதை நாம் பண்பாடு என்கிறோம். வழி கிடைத்ததும் அவர்கள் விட்டதை அழிவு என்கிறோம். இரண்டு பெயரையும் வைத்தது நாம்தான். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு சாப்பாட்டுக்காக வருத்தப்பட எல்லோருக்கும் உரிமை உண்டு. அதை விட்டவரைக் குறை சொல்ல, அதன் பாரத்தில் ஒரு பங்கையாவது சுமப்பவருக்கு மட்டுமே உரிமை உண்டு. உமி நீக்கும் இயந்திரம் மலைமேல் பக்கத்திலேயே இருந்து, கிழங்குக்குக் கிடைக்கும் காசு சாமைக்கும் கிடைத்தால், பெரியம்மா என்ன விதைப்பார், என்ன ஆக்குவார் என்று எனக்குத் தெரியாது. அப்போதும் அவர் அரிசியே ஆக்கலாம். அது அவர் விருப்பம். ஆனால் அப்போதுதான் அதை விருப்பம் என்று சொல்ல முடியும்.

அன்றைக்கு நான் இடித்த சாமை ஒரு ஆளுக்கே காணாது. மூன்று பேருக்கு வேண்டுமே என்று பெரியம்மா இரண்டு கை ரேஷன் அரிசியைச் சேர்த்துப் போட்டு வேகவைத்தார். துவரைக் குழம்பு ஊற்றிப் பிசைந்தேன். வாய்க்கு வாய் உமி பல்லில் மாட்டியது.

"நல்லா இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கு பெரியம்மா."

"பொய் சொல்றான் பாரு," என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தார்.