கருத்து வேறுபாட்டின் செலவு

உண்மை இறுதியில் வெல்லும் என்று மாணவர்க்குக் கூறாத ஆசிரியர் நம்மிடையே அரியர். ஆனால், அது வெல்லும்வரை அதனைக் காத்து நின்றவர் எதைக் கொண்டு வாழ்ந்தார் என்று நாம் கூறுவதில்லை.

உயிர்க்கலம் உணவை ஒட்சியேற்றிப் பெறும் சக்தியை ஏ.ரி.பி. என்னும் சேர்வையில் எவ்வாறு சேமிக்கின்றது? இடையில் சக்தி செறிந்த இரசாயனப் பொருளொன்று இருத்தல் வேண்டும் என 1953 இல் சிலேற்றர் கருதினார். பெரிய ஆய்வுகூடங்கள் பல அதனைத் தேடின, அகப்படவில்லை. அத்தகைய பொருளே தேவையில்லை என 1961 இல் பீற்றர் மிச்செல் எழுதினார். சுவாசத்தின்போது இழைமணியின் உள்மென்சவ்வினூடாகப் புரோத்தன்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகின் வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, அவை மீண்டும் உட்புகும் விசையே ஏ.ரி.பி.யை ஆக்குகின்றது என்பது அவர் துணிபு. பலருக்கு இது இரசாயனமாகவே தோன்றவில்லை.

1963 இல் மிச்செல் நோயுற்று எடின்பரோப் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். கோர்ன்வாலில் பழுதுற்ற மாளிகையொன்றைத் திருத்தி, ஜெனிவர் மொயிலுடன் அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். நாம் சற்று நின்று நோக்கவேண்டிய இடம் இதுவே. அவர் தந்தையின் சகோதரர் பெருங் கட்டட நிறுவனமொன்றின் அதிபர். குடும்பச் செல்வமே அவ்வாய்வுகூடத்தைத் தாங்கியது. அதே கருத்து, மாதச் சம்பளத்தை நம்பிய ஓர் இளம் ஆய்வாளரின் உள்ளத்தில் உதித்திருந்தால்? மானியம் வேண்டி, தாம் நம்பாத அந்த இடைப்பொருளையே அவரும் தேடியிருக்கக்கூடும். அதனைக் கோழைமை என ஏசுதல் எளிது. நாம் ஏசத் துணியோம்.

ஆயினும் செல்வம் காலத்தை வாங்கித் தந்ததேயன்றி, உண்மையை ஆக்கித் தரவில்லை. 1966 இல் ஜாகண்டோர்வும் யுரிபேயும் கீரையிலையின் பச்சையவுருமணிகளை அமிலத்தில் ஊறவைத்துப் பின் காரக்கரைசலில் இட்டனர். ஒளியே இன்றி, இருளில், ஏ.ரி.பி. தோன்றியது. 1974 இல் றாக்கரும் ஸ்டோக்கெனியசும் பற்றீரியாவின் புரோத்தன் பம்பியையும் மாட்டிதயத்து நொதியத்தையும் செயற்கைக் கொழுப்புப் பைகளில் ஒன்றாய்ப் பதித்தனர். ஒளி பட்டதும் ஏ.ரி.பி. உண்டாயிற்று. இந்த றாக்கர் முன்னர் இடைப்பொருளைத் தேடியவர்களுள் ஒருவர் என்பதை மறத்தலாகாது. தம் பல்லாண்டு உழைப்புக்கு மாறான சான்றைத் தம் கையாலேயே நிலைநாட்டுதல், தனித்து நிற்பதினும் எளிய துணிவன்று.

1978 இல் நோபல் பரிசு மிச்செலுக்கு மட்டும் வழங்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் நாள் முதல் அவரோடு உழைத்து, அக்கொள்கைக்கு வேண்டிய அளவீடுகளைச் செய்த மொயிலுக்கு அதில் பங்கில்லை. 1983 இல் ஓய்வுபெறும்வரை அவர் அம்மாளிகையிலேயே பணிபுரிந்தார்.