கிழித்தெடுத்த முகம்

ஓர் அட்டைப்படம் என்னை விடமாட்டேன் என்கிறது. 1995-இல் வந்த பீட்டில்ஸின் ‘ஆந்தாலஜி 1’. பழைய சுவரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழித்ததுபோன்ற அட்டை. அதிலுள்ள ஆரம்பகாலப் படம் ஒன்றில் டிரம்மர் பீட் பெஸ்ட்டின் தலை மட்டும் கிழிபட்டிருக்கிறது. அந்த ஓட்டையில், பின்னாளில் அவர் இடத்துக்கு வந்த ரிங்கோ ஸ்டாரின் முகம். அட்டையைச் செய்த கிளாவுஸ் ஃபோர்மன் ஹாம்பர்க்கில் பெஸ்ட்டோடு பழகியவர். போதாததற்கு, அந்தத் தொகுப்பின் 10 பாடல்களில் டிரம்ஸ் வாசித்திருப்பது பெஸ்ட்தான். கைக்குக் கூலி வந்துவிட்டது, முகத்துக்குத்தான் இடமில்லை.

எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் ஒரு குரூப் போட்டோ தொங்கும். அதில் ஒருவருடைய முகத்தை யாரோ பிளேடால் நறுக்கியிருந்தார்கள். பாகத் தகராறு என்று பிற்பாடு காதில் விழுந்தது. நறுக்கியவர் கையை மறந்துவிட்டார். பெரியப்பாவின் தோள்மேல் மோதிரத்தோடு அது கிடந்தது. யார் கை என்று கேட்டால், “போய் விளையாடுடா” என்பாள் பாட்டி. அந்தப் படத்தில் இருந்த மற்ற யாருடைய முகமும் எனக்கு இப்போது நினைவில்லை.

பெஸ்ட் 1941-இல் மெட்ராஸில் பிறந்தவர். இதைப் படித்த பிறகுதான் அவர்மேல் எனக்கு ஏதோ உரிமை வந்தது, அசட்டுத்தனம்தான். அவருடைய அம்மா மோனா பெரிய ஆள். நகையை அடகு வைத்து, 1954 டெர்பி பந்தயத்தில் ‘நெவர் சே டை’ என்ற குதிரைமேல் கட்டி, ஜெயித்த பணத்தில் லிவர்பூலில் வீடு வாங்கினார் என்பது குடும்பக் கதை. அந்த வீட்டு நிலவறையில்தான் 1959-இல் காஸ்பா கிளப் தொடங்கியது. பீட்டில்ஸ் என்ற பெயர் வருமுன்பே அந்தப் பையன்கள் வாசித்த இடம் அது.

1960 ஆகஸ்டில் பெஸ்ட் குழுவில் சேர்ந்தார். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் கூப்பிட்டு, இனி நீ வேண்டாம் என்றார். மற்ற மூவரில் ஒருவர்கூட நேரில் வந்து சொல்லவில்லை. வாசிப்பு போதவில்லை என்றார்கள். ஒட்டாத சுபாவம், அழகில் பொறாமை என்றெல்லாமும் பேச்சு உண்டு. ஒலிப்பதிவுக்கு வேறு டிரம்மர் வேண்டுமென்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் கேட்டது உண்மை. காரணம் எதுவானாலும், சொல்லாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அக்டோபரில் முதல் ரெக்கார்டு வந்தது. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

பெஸ்ட் ரொட்டி மூட்டை ஏற்றினார். அறுபதுகளில் ஒருமுறை உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார்; இதை அவரே சொல்லியிருக்கிறார். பின்னர் லிவர்பூல் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சுமார் 20 ஆண்டு வேலை, வேலை போனவர்களுக்கு வேலை தேடித் தருவது! இதைக் கதையில் எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அடித்துவிடுவார். 2008-இல் தன் சொந்தக் குழுவோடு ‘ஹேமன்ஸ் கிரீன்’ என்ற ஆல்பம் போட்டார். அதன் அட்டையில் இருப்பது, அன்று கிழித்தெடுத்த அதே துண்டு.

அது கிண்டலா, ஆறாத புண்ணா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று குறுக்கே வந்தது. நீக்கப்பட்ட அன்று, குழுவின் வேனை ஓட்டிய நண்பர் நீல் ஆஸ்பினால் தானும் விலகிவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், அவர்கள் பெரிய இடத்துக்குப் போகிறார்கள், கூடவே இரு என்று தடுத்தவர் பெஸ்ட். அப்படிப் பேச அந்த நேரத்தில் என்ன மனம் வேண்டும்? பெருந்தன்மையா, இன்னும் வலி உறைக்காத அதிர்ச்சியா, இல்லை நண்பனின் சம்பளத்தைப் பற்றிய சாதாரணக் கவலையா? ஒருநாள் ஒன்றாகத் தோன்றுகிறது, மறுநாள் வேறாக. என்னால் தீர்மானிக்க முடியவில்லை.