தீவாருக்குக் கொடுத்தது தருமமா?



கச்சத்தீவு அந்தோனியார் திருநாளுக்குப் போய் வந்தவர்கள் நம்மில் சிலர் இருக்கலாம். அதற்கும் வடக்கே, யாழ்ப்பாணக் கடலில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று மூன்று தீவுகள் உண்டு. அங்குள்ளோர் நம் தமிழையே பேசும் ஜனங்கள். பெரு நிலத்தின் மின்கம்பி அவர்களுக்கு எட்டவில்லை. டீசல் எஞ்சின் ஓட்டித்தான் விளக்கேற்றி வந்தார்கள். கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்திருந்த நம் ஆத்தூர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், எண்ணெய்ச் செலவின் கொடுமையைச் சொல்வார்கள். அதன்மேல் படகுக் கூலியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இத்தனைக்கும் தென்மேற்குப் பருவத்தில் அக்கடலில் காற்றுக்குக் குறைவே இல்லை.

காற்றாடி, சூரியத் தகடு, பாட்டரி இவற்றைச் சேர்த்து மின்சாரம் எடுக்கும் வேலையை, ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு, 2021 ஜனவரியில் இலங்கை அரசு சீனக் கம்பெனியொன்றுக்குக் கொடுத்தது. தமிழகக் கரைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் சீனர் வருவதா என்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு முடிவில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 மார்ச்சில், இந்தியாவே நன்கொடையாகச் செய்து தருவதென உடன்படிக்கை ஆயிற்று. 2024 மார்ச் 1-ல் பெங்களூர்க் கம்பெனியோடு ஒப்பந்தம் முடிந்தது. காற்றில் 530 கிலோவாட், சூரியனில் 1,700 கிலோவாட். காற்றும் வெயிலும் ஓய்ந்த வேளைக்குப் பாட்டரியும் டீசல் எஞ்சினும்.

அயலானுக்குச் செல்வாக்கு வரலாகாதென்று கொடுத்தது தருமமாகுமா? ஒரு செய்கையை நிதானிக்கச் செய்த காரியம், செய்தவன் கருத்து, சூழ்நிலை ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும் என்று குருமடத்தில் கற்றோம். காரியம் நல்லது, ஐயமில்லை. கருத்திலே கலப்பு உண்டு. ஆனாலும் தேசத்தின் காவலைக் கருதுவது ஆள்பவரின் கடமையே. வாலிபத்தில் நான் இக்கலப்பைக் கண்டு முகம் சுளித்திருப்பேன். இன்று அப்படியல்ல. வீட்டில் விளக்கு எரிந்தால், பிள்ளை படிக்கும்.

என்னை உறுத்துவது மூன்றாவது. ஒப்பந்தம் மாத்திரமே மூன்றாண்டுக்கு மேல் பின்தள்ளிப் போயிற்று. அதன் நடுவேதான் 2022-ல் இலங்கை எங்கும் டீசல் தட்டுப்பாடு. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. டெல்லியிலோ பெய்ஜிங்கிலோ இதனால் ஒரு விளக்கும் அணையவில்லை.

வசிட்ட நதி வாய்க்காலை நினைத்துக் கொள்ளுங்கள். எல்லைத் தகராறென்று ஒருவன் அடுத்த வயலுக்குப் போகும் மடையை அடைக்கிறான். அவன் பக்கம் நியாயமே இருக்கட்டும். பிறகு தன் செலவில் வேறு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறான். நல்லதுதான், ஆனால் ஊரைக் கூட்டி அதைத் தருமம் என்று அவன் சொல்லலாமா? வரவிருந்த நன்மையைத் தடுத்தவன், நியாயமான காரணத்துக்காகவே தடுத்தாலும், அதைத் தாமதமின்றி ஈடு செய்யக் கடமைப்பட்டவன். ஆகையால் நன்கொடை என்ற சொல்லை நான் ஒப்பவில்லை. அது கடன், தீவாரும் அதைக் கடனென்றே கேட்கலாம், கைகூப்ப வேண்டியதில்லை.