பக்கத்தில் ஒரு ஆள்

இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் விடும் விடுமுறைகளில் பெற்றோரை அதிகம் அலைக்கழிப்பது ஈஸ்டர்தான். கோடை ஆறு வாரம் நீளம் என்றாலும் அதற்கு முன்கூட்டியே ஏதாவது ஒழுங்கு செய்துவிடுவோம், வெயிலும் கைகொடுக்கும். நத்தாருக்கு வீடு முழுக்க ஆட்கள். ஈஸ்டர் விடுமுறை இரண்டு வாரம். காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மத்தியானம் ஆலங்கட்டி. போதாததற்கு நாளும் நிலையில்லை. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் பண்டிகை வரலாம். ஏப்ரலில் ஒரே வாரத்தில் அதைக் கட்டிப்போட 1928இல் பிரித்தானிய நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. பெற்றோரிடம் வாக்கெடுப்பு வைத்திருந்தால் மறுநாளே வந்திருக்கும்.

முதல் திங்கட்கிழமை காலை கண் விழித்ததுமே கேள்வி வரும்: "அம்மா, இண்டைக்கு எங்க போறம்?" அப்படிக் கேட்கப் பழக்கியதும் நாங்கள்தான். நீச்சல் வகுப்பு, உதைபந்தாட்ட முகாம், பழைய மாளிகைத் தோட்டத்தில் முட்டை தேடும் விளையாட்டு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு வாங்கி வைத்துவிடுகிறோம். காசு குறைந்த வாரத்தில் சவுத் கென்சிங்டன். அரசின் அருங்காட்சியகங்களுக்கு 2001 முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆகவே மழை பெய்தால் லண்டன் முழுவதும் அங்கேதான் நிற்கும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபத்தில் 25 மீற்றர் நீளமான நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு இறங்குகிறது. தூண்களின் மேலே சுடுமண் குரங்குகள் ஏறுகின்றன. என் மகள் இரண்டையும் பார்க்கவில்லை. முன்னால் நின்ற பையனின் சப்பாத்து அடியில், அவன் காலை வைக்கும்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. வரிசை நகர்ந்த நேரம் முழுவதும் அதையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். "மேலே பாரடி, எவ்வளவு பெரிய மீன்!" என்று நான் கத்த, திமிங்கிலம் மீன் இல்லை என்று திருத்திவிட்டு மறுபடி குனிந்தாள்.

அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்த வருடம் வேறு மாதிரி இருந்தது. ஈஸ்ட் ஹாமில் வாங்கிய முருங்கைக்கீரைக் கட்டை மேசையில் பேப்பர் விரித்து அதன்மேல் போட்டு, ஈர்க்கு ஈர்க்காக உருவிக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லவுமில்லை, விளையாட்டுக் காட்டவுமில்லை. பார்வை கீரையில், காது வானொலியில். மேசைக்குக் கீழே இரண்டு பேரும், உருவிப் போட்ட ஈர்க்குகளை அடுக்கி வேலி கட்டி, பொத்தான்களை மாடாக்கி, ஒரு முழு ஊரையே நடத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை வந்தால் அம்மம்மாவின் கால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டும். அவ்வளவுதான் மேற்பார்வை. அம்மா குளிக்கப் போனதும் ஊர் கலைந்துவிடும். பிள்ளைகள் என்னைத் தேடி மாடிக்கு வருவார்கள். நானோ கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியில் கூட்டத்தில் இருப்பேன்.

டொனால்ட் வின்னிகொட் லண்டன் பாடிங்டன் கிரீன் சிறுவர் மருத்துவமனையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வேலை செய்த மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். தனித்திருக்கும் திறன் பற்றி 1958இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயம் உண்டு. பிள்ளை தனியாக இருக்கப் பழகுவதே பக்கத்தில் இன்னொருவர் இருக்கும்போதுதான் என்கிறார். அந்த ஆள் பிள்ளையிடம் எதையும் கேட்காமல், எதையும் திணிக்காமல் அங்கே இருந்தால் போதும். கீரைக்கட்டோடு இருந்த அம்மாவைப் பார்த்த எனக்கு இதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஆனால் இதிலிருந்து "பிள்ளைகளைச் சும்மா விடுங்கள், போரடித்தால் தாங்களே விளையாடுவார்கள்" என்று இப்போது எல்லோரும் சொல்கிற புத்திமதிக்குத் தாவுவதில் எனக்கு உடன்பாடில்லை. சும்மா விட வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா? பள்ளிக்கூடம் ஆண்டுக்கு 190 நாள். வாரநாள்களில் மீதி ஏறத்தாழ 70. ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டம் உறுதி செய்யும் சம்பள விடுப்பு 28 நாள். பொது விடுமுறைகளையும் அதற்குள் அடக்கலாம். தாயும் தகப்பனும் ஒரு நாள்கூடச் சேர்ந்து வீட்டில் இராமல் மாறிமாறி எடுத்தாலும் 56தான். ஒற்றைப் பெற்றோருக்கும், இரவு வேலை முடிந்து பகலில் தூங்குபவருக்கும் கணக்கு இன்னும் மோசம். பாடசாலை நாளில் பிள்ளையை மறித்து ஊருக்குக் கூட்டிப்போனால் தண்டம் 80 பவுண்ட், அதுவும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும். வருமானம் குறைவென்பதால் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்கு அரசு ஈஸ்டரிலும் சாப்பாட்டோடு முகாம் நடத்துகிறது. நல்ல விஷயம். அந்த வரம்புக்குச் சற்று மேலே சம்பாதிப்பவர்கள் முகாமுக்குக் காசு கட்டுகிறார்கள். அவர்கள் வாங்குவது பொழுதுபோக்கு என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் இருக்க ஒரு ஆளைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த ஆளோ சம்பளம் வாங்குவதால் சும்மா இருக்க முடியாமல், விசில் ஊதி, பத்து நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு மாற்றுகிறார்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து இப்போது விடுப்பைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஒரு வீட்டில் ஒருவர் இருப்பார். எல்லாப் பிள்ளைகளும் அங்கே. இருப்பவர் தன் வேலையைப் பார்க்கலாம்: துணி மடிக்கலாம், சைக்கிள் திருத்தலாம், மீன் வெட்டலாம். கதவைச் சாத்தக்கூடாது, போனைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. பிள்ளைகளுக்கும் திரை இல்லை. மழை விட்டால் பின்வளவு. ஒரு தகப்பன் மட்டும் மணிக்கு மணி நிகழ்ச்சி நிரல் அச்சடித்துக்கொண்டு வருவார். முதல் நாள் மத்தியானமே கைவிட்டுவிடுவார்.

2027இல் ஈஸ்டர் மார்ச் 28. கோட் கழற்ற முடியாத குளிர். யார் எந்த நாள் என்ற பேச்சு வட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. இரண்டாவது வாரத்து வியாழன் இதுவரை ஒருவருக்கும் தோதுப்படவில்லை.