ரொட்டிக்காக ஒரு பொய்

ஸ்டாலின் காலத்து முகாம்களில் மரம் வெட்டிய கைதிகளுக்கு ஒரு வித்தை தெரியும். எப்போதோ வெட்டி அடுக்கி, கணக்கில் ஏறிப்போன கட்டைகளின் முனையில் மெல்லிய வில்லையாக அறுத்து எறிவார்கள். பழுப்பேறிய பகுதி போய், வெட்டுவாய் புத்தம்புதிதாகப் பளிச்சிடும். அளவெடுக்க வருபவர் அதை அன்றைய வேலையாக எழுதிக்கொள்வார்.

இதற்குப் பெயர் துஃப்தா. இன்றைய ரஷ்யப் பேச்சில் போலிச் சரக்கு, உதவாக்கரை வேலை எல்லாமே துஃப்தாதான். 'கடும் உடலுழைப்பு' என்ற ரஷ்யத் தொடரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்த சொல் என்று ஒரு விளக்கம் உலவுகிறது. ரசமான கதை, நம்புவது கடினம். திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது. 1931-33இல் கைதிகள் வெட்டிய 227 கி.மீ. வெண்கடல்–பால்டிக் கால்வாய், துஃப்தாவும் வெடிமருந்தும் இல்லாவிட்டால் எழும்பியிருக்காது என்று முகாமில் கேலி பேசினார்கள்.

ரொட்டியின் எடை வேலையின் அளவைப் பொறுத்தது. வேலை குறைந்தால் ரொட்டி குறையும். ரொட்டி குறைந்தால் மறுநாள் கை ஓடாது. ரஷ்ய எழுத்தாளர் வர்லாம் ஷலாமொவின் 'தனி அளவீடு' சிறுகதையில் துகாயெவ் என்ற 23 வயது மாணவனைத் தனியாக வேலை செய்ய விடுகிறார்கள். முதுகொடிய உழைத்தும் தேறுவது அன்றைய இலக்கில் 25 விழுக்காடுதான். சுடக் கொண்டுபோகும்போது, கடைசி நாளும் வீணாக உழைத்தோமே என்று வருந்துகிறான்.

நண்பனைத் தேடி வாசலுக்கு வரும் கொலைகாரனிடமும் பொய் சொல்லலாகாது என்று 1797இல் எழுதினார் தத்துவஞானி கான்ட். உண்மையைக் கேட்க உரிமை உள்ளவரிடம்தான் அதைச் சொல்லும் கடமை உண்டு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்டுக்கு அவர் தந்த மறுப்பு அது. முகாமில் கொலைகாரன் அளவுகோலோடு வந்தான். அங்கே கான்ஸ்டன்ட் பக்கம்தான் நியாயம்.

சோல்செனித்சினின் 'இவான் தெனீசொவிச்சின் வாழ்வில் ஒரு நாள்' (1962) இதைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. விழுக்காட்டைச் சாமர்த்தியமாக எழுதவைக்கும் குழுத்தலைவனால்தான் குழுவே பிழைக்கிறது. அதே குழுவில் இருக்கும் கதாநாயகன் ஷூகொவ், வேலை முடிக்கும் நேரம் வந்த பிறகும் சுவர் நேராக இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறான். காகிதத்தில் பொய், சுவரில் நேர்மை!

ஆனால் எல்லாத் துஃப்தாவும் காட்டு மரத்திலிருந்து வரவில்லை. தொழில்முறைத் திருடர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்க, அரசியல் கைதிகள் வெட்டிய கன மீட்டர்கள் அந்தத் திருடர்கள் பேரில் ஏறுவதும் நடந்தது. அந்தப் பொய்க்கான ரொட்டியை முகாம் நிர்வாகம் கொடுக்கவில்லை. பக்கத்துப் பலகையில் படுத்திருந்தவனின் பங்கிலிருந்துதான் அது வெட்டப்பட்டது. கான்ஸ்டன்டின் வாதம் இந்தத் துஃப்தாவுக்கு எடுபடாது.