இரண்டு தெனாரியம்

எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயம் கட்டிய சமாரியரின் இரக்கம் நம் நெஞ்சில் நிற்கிறது. ஆனால் மறுநாள் அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்த இரண்டு தெனாரியத்தை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அது ஒரு கூலியாளின் இரண்டு நாள் ஊதியம். மிகுதியாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் அவர் வாக்களித்தார். இரக்கத்திற்கும் செலவு உண்டு. அதை எவரேனும் ஏற்றே ஆகவேண்டும். காயமுற்றவன்மீது அது சுமத்தப்படவில்லை என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

மருத்துவத்தைச் சந்தையிடமே விட்டுவிடலாமா? துணி வாங்குகிறவர் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம். நெஞ்சுவலியால் துடிப்பவர் அவ்வாறு கேட்பதெங்ஙனம்? தமக்கு எது தேவை என்பதையே அவர் அறியார். விற்பவரே அதையும் சொல்லவேண்டியுள்ளது. இந்த நிச்சயமின்மையாலும் அறிவு வேறுபாட்டாலும் மருத்துவத்தில் சந்தை செவ்வனே இயங்காது என்று 1963இல் கென்னத் ஆரோ என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் விளக்கினார். அதே ஆண்டில் திருத்தந்தை புனித 23ஆம் யோவான், உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலில், மருத்துவ உதவியை மனித உரிமைகளுள் ஒன்றாக வைத்தார். பொருளியலும் மறையும் ஒரே திசையைச் சுட்டின.

அரசு ஏற்றால் எல்லாம் செம்மையாகிவிடுமா? நீண்ட வரிசைகளையும் தரையில் படுத்திருக்கும் நோயாளரையும் நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் பலர் தேவையை ஒன்றுதிரட்டினால் என்ன இயலும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கி, தரம் சோதித்து, கிடங்குகளிலிருந்து அனுப்புகிறது. தனியொருவர் பேச இயலாத விலையை ஊரே சேர்ந்து பேசுகிறது. 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டு முறையோ ஏழைகளைத் தனியார் மருத்துவமனைகளுக்குள்ளும் அழைத்துச் செல்கிறது. சாவடி ஒருவருடையது, தெனாரியம் எல்லாருடையது.

எனவே சாவடி யாருடையது என்பது மட்டுமே வினா அன்று. செலவை யார் ஏற்கிறார், பொறுப்பாளர் நேர்மையாகக் கணக்குக் காட்டுகிறாரா என்பவையும் வினாக்களே. பிறர் தருவார் என்றறிந்து தேவையற்ற சோதனைகளை எழுதும் கை, அந்தச் சமாரியரின் நம்பிக்கையையே திருடுகிறது.

நம் திருச்சபையும் மருத்துவமனைகளை நடத்துகிறது. நாமும் சாவடிப் பொறுப்பாளரே. கருவிக்கும் ஊதியத்திற்கும் பணம் வேண்டும் என்பது மெய். ஆயினும் முன்பணம் கட்ட இயலாதவர் நம் வாயிலில் நின்றால் நாம் என்ன செய்கிறோம்? பொதுநிலையினராகிய நாம் ஒழுங்காகச் செலுத்தும் வரியும் முகமறியா ஒருவரின் காயத்திற்கு வார்க்கும் எண்ணெய்தான். அதை மறைக்கும்போது, கண்டும் காணாமல் விலகிச் சென்றவர்களின் வழியையே நாமும் பிடிக்கிறோம்.